சோப்பு மணத்த வெள்ளைக் குட்டி

ஆடுகள் குட்டி போடுவதற்கு யாரிடமும் நேரம் கேட்பதில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது, கைக்குழந்தை பசிக்கு வீறிடுகிறது, வீட்டுக்காரர் வயலுக்குப் போய்விட்டார். இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவந்த ஒரு காலைப்பொழுதைத்தான் கறுப்பி தேர்ந்தெடுத்தது.

வீட்டுக்காரி அடுப்பை அணைத்தாள். குழந்தையைத் தொட்டிலில் போட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கடா ராசா, உன்னைவிட அவசரக்காரங்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள்.

மூத்த மகள் சிட்டு அவளுக்கு முன்பே அங்கே இருந்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்று வரும் வயது. விடுமுறை நாளானதால் விடிந்ததிலிருந்து கொட்டில் வாசலில்தான் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கால் தெரியுது!"

"தெரியட்டும். நீ அங்கேயே இரு. கத்தாதே, அது மிரளும்."

முதல் குட்டி கறுப்பு. வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் படுத்தியது. ஒரு முன்னங்கால் மடங்கியிருந்ததால் வீட்டுக்காரி கையை விட்டு மெல்ல நிமிர்த்தி, கறுப்பி முக்குகிற நேரம் பார்த்து இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த கோழையை வழித்தெறிந்தாள். குட்டி தும்மியது. வெள்ளைக் குட்டி, இப்போதைக்கு மஞ்சளும் ரத்தமும் பிசுபிசுப்பும் பூசியிருந்தது. கறுப்பி இரண்டையும் பார்த்து மெல்லக் கனைத்து, மாறி மாறி நக்கத் தொடங்கியது.

"வெள்ளை யாருக்கும்மா?"

வீட்டுக்குள் அழுகை உச்சத்துக்குப் போயிருந்தது. "உனக்குத்தான். நீயே வளர்த்துக்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கை கால் கழுவப் போனாள். அவசரத்தில் சொன்ன வார்த்தை. சொன்னவள் அடுத்த நொடியே மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை.

அந்த வீட்டில் கழுவுதல் பெரிய காரியம். அதற்குக் காரணம் உண்டு. குழந்தை நாள் நிறையும் முன்பே பிறந்தவன். உள்ளங்கையில் அடங்கிவிடுவான் போல அத்தனை சிறிசு. "யார் தொட்டாலும் கையைக் கழுவிட்டுத் தொடணும்" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பியதைத் தாய்க்காரி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். "கழுவிட்டு வா." "காலைக் கழுவினியா?" "மண்ணோட கிட்ட வராதே." "தள்ளி நில்லு சிட்டு, தம்பிக்கு ஆகாது." ராஜாவின் அரண்மனைக்குள்கூட நேரே போய்விடலாம், தம்பியின் தொட்டில் பக்கம் போக முடியாது என்று வீட்டுக்காரர் கேலி பேசுவார். குழந்தை தேறிவிட்டான். தொடையில் மடிப்பு விழுந்து, கன்னம் தொங்கத் தொடங்கிவிட்டது. சட்டம் மட்டும் தளரவில்லை. சிட்டுவின் விரல்கள் எந்நேரமும் தண்ணீரில் ஊறிச் சுருங்கியே இருந்தன. முன்பெல்லாம் வெளியிலிருந்து ஓடிவந்தால் நேரே அம்மாவின் இடுப்பில்தான் போய் மோதுவாள். இப்போது வாசற்படியில் நின்று முதலில் தன் கையைத்தான் பார்ப்பாள்.

குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்து, உலையை மறுபடி ஏற்றிவிட்டு, கறுப்பிக்குத் தவிட்டுத் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்காரி கொட்டிலுக்கு வந்தபோது, கறுப்புக் குட்டி வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. வெள்ளை மூலையில் நின்றிருந்தது. நடுங்குகிற கால்களோடு அதுவும் தாயின் மடியைத் தேடி வந்தது. கறுப்பி கழுத்தைத் திருப்பி அதன் வாலடியை முகர்ந்தது. முகர்ந்ததும் தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. குட்டி சுவரில் போய் விழுந்தது.

"அடிப் பாவி! பெத்தவதானா நீ?"

வாளியைக் கீழே போட்டுவிட்டுக் குட்டியைத் தூக்கி மடியருகே கொண்டுபோனாள். கறுப்பி காலை உதைத்துத் திரும்பிக்கொண்டது. இந்தப் பக்கம் கொண்டுபோனால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் கொம்பு. விலா எலும்பு உடைந்திருக்குமோ என்று குட்டியை மார்போடு அணைத்துத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் மூக்கில் ஏறியது அந்த வாசனை. தினமும் அவள் கையிலேயே இருக்கிற வாசனை. குழந்தையின் சோப்பு.

குட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறந்த குட்டி இவ்வளவு வெள்ளையாக இருந்து அவள் பார்த்ததில்லை. காது மடிப்பில் பவுடர் வேறு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிட்டு நின்றிருந்தாள். பாவாடை இடுப்பு வரை நனைந்திருந்தது. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால்.

"குட்டியைக் குளிப்பாட்டினியா?"

தலை அசைந்தது.

"தம்பி சோப்புலயா?"

மறுபடியும் அசைந்தது. பின்னாலிருந்து கை முன்னே வந்தது. சோப்புப் பெட்டி. உள்ளே நகக்கண் அளவு ஒரு சில்லுதான் மிச்சம்.

"உனக்கு அறிவிருக்கா? இப்பதான் பொறந்த குட்டி, குளிர்ல விறைச்சுப் போனா என்னடி பண்ணுவ? ஆடு வாசனையை வச்சுத்தான் தன் குட்டியைத் தெரிஞ்சுக்கும். அதைக் கழுவி விட்டுட்டு நிக்கிற! இனிமே அது எப்படிப் பால் குடிக்கும்? போ, என் கண்ணு முன்னாடி நிக்காதே!"

சிட்டு போகவில்லை. அழவும் இல்லை.

"அது மேலெல்லாம் பிசுபிசுன்னு அழுக்கா இருந்துச்சும்மா. அழுக்கா இருந்தா அம்மா கிட்ட விடமாட்டாங்கல்ல? அதான் நல்லா கழுவிவிட்டேன்."

ஆட்டைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் அழுக்கோடு கிட்டே வராதே என்று எந்த ஆடும் அவளிடம் சொன்னதில்லை. சொன்னது யார் என்பது வீட்டுக்காரிக்குத் தெரியும். அடுத்துத் திட்டுவதற்கு நாக்கில் தயாராக இருந்த வார்த்தைகள் அப்படியே நின்றுபோயின.

"என்ன, பிரசவ ஆஸ்பத்திரியில ஒரே கூச்சல்?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தோட்டம் அவளுடையது. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். யார் வீட்டில் வேலை கிடந்தாலும் கேட்காமல் வந்து இழுத்துப் போட்டுச் செய்வாள். வேலியைத் தாண்டி வந்து குட்டியை வாங்கி முகர்ந்தாள்.

"அடேயப்பா! எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாரு ஐயா?"

நடந்ததைக் கேட்டதும் சிரித்தாள். பிறகு கறுப்பியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "இவ ரொம்ப வீம்புக்காரியாச்சே. ஒரு தடவை வேண்டாம்னு முட்டிட்டாள்ல, இனிமே சேர்க்க மாட்டா. பேசாம சீம்பாலைக் கறந்து புட்டியில குடு. புட்டிப் பால்ல வளராத குட்டியா?"

"இல்ல அண்ணி. பெத்தவகிட்டயே சேர்க்கணும்."

"ஏன் இப்படி ஒத்தைக் கால்ல நிக்கிற? கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ஆட்டோட மல்லுக்கட்ட முடியுமா உன்னால?"

வீட்டுக்காரி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அண்ணி திரும்பினாள். நனைந்த பாவாடையோடு, சோப்புப் பெட்டியைப் பிடித்தபடி, முட்டித் தள்ளப்பட்ட குட்டியையே பார்த்துக்கொண்டிருந்த சிட்டுவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு புட்டிப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

"சரி, என்ன பண்ணணும் சொல்லு. கொம்பை நான் பிடிச்சுக்கறேன். என் உடம்புக்கு இவ முட்டினா இவளுக்குத்தான் வலிக்கும்."

வீட்டுக்காரி மகள் முன்னால் குனிந்தாள். "சிட்டு, கறுப்பி குட்டி போட்ட இடத்துல ஈர வைக்கோல் கிடக்குதுல்ல, அதை அள்ளிக்கிட்டு வா. உன் குட்டியை இப்ப நல்லா அழுக்காக்கணும்."

"அழுக்காவா?"

"ஆமா. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"என் கை அழுக்காயிடுமே."

"ஆகட்டும். இதோ பாரு, என் கையும்தான்."

சிட்டு ஒரு விரலால் வைக்கோலைத் தொட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கைகள் முழங்கை வரை அதில் புதைந்திருந்தன. பிறகு இரண்டு கைகளாலும் அள்ளினாள். தாயும் மகளும் சேர்ந்து குட்டியின் முதுகு, வயிறு, வாலடி என்று தேய்த்தார்கள். கறுப்பியின் மடியிலிருந்து கொஞ்சம் பாலைப் பீய்ச்சி அதன் தலையிலும் பின்பக்கத்திலும் பூசினார்கள். "குளிப்பாட்டினப்ப வராத சிரிப்பு இப்ப வருதா உனக்கு?" என்று அத்தை கேட்டதற்குச் சிட்டு பல்லில்லாத வாயைத் தோளில் மறைத்துக்கொண்டாள்.

அத்தை கொம்பைப் பிடித்தாள். அம்மா பின்னங்காலைப் பிடித்தாள். சிட்டு குட்டியின் வாயைக் காம்புக்குக் கொண்டுபோனாள். இரண்டு மூன்று தடவை தவறி, பிறகு பற்றிக்கொண்டது. தொண்டையில் பால் இறங்குகிற சத்தம் கேட்டது. ஆனால் பிடியை விட்டதுதான் தாமதம், கறுப்பி திரும்பி முகர்ந்து மறுபடியும் முட்டியது. வைக்கோலுக்கும் பாலுக்கும் அடியில் சோப்பு இன்னும் மணத்துக்கொண்டுதான் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர் வந்தபோது வீட்டில் சாப்பாடு இல்லை; ஏற்றிய உலை அரிசியைக் காணாமலே வற்றியிருந்தது. குழந்தை விழித்து அழுதுகொண்டிருந்தான். பெண்கள் மூவரும் கொட்டிலில் ஓர் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

"பயலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள் மனைவி, காலை விடாமல்.

"கை கழுவிட்டா, கழுவாமலா?" என்று கேட்டவர், மனைவி பார்த்த பார்வையில் மறுபேச்சில்லாமல் குழாயடிக்குப் போனார்.

"அம்மா, தம்பி அழறான்" என்றாள் சிட்டு மெதுவாக.

"அப்பா பார்த்துக்குவாரு. உன் குட்டி குடிச்சு முடிக்கட்டும்."

குட்டி குடித்து முடிக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். சிட்டு கறுப்பிக்கும் வெள்ளைக் குட்டிக்கும் நடுவே காவல்காரி மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

"ஏன் வரமாட்டேன்? இங்க எனக்கும்தானே வேலை இருக்கு."

சாயங்காலம் வரை இதே கதைதான். பிடித்தால் குடிக்கும், விட்டால் முட்டும். பொழுது சாயும்போது வெள்ளைக் குட்டியைக் கறுப்பி எட்டாத ஓர் ஓரத்தில், சாக்குக்குள் படுக்க வைத்தார்கள். படுக்கப் போகும் முன் வீட்டுக்காரி வழக்கம்போலக் கண்ணை மூடிக் கைகூப்பினாள். குழந்தைக்கு, கணவனுக்கு, மகளுக்கு என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். கடைசியில், 'கடவுளே, அந்த ஆட்டோட மனசைக் கொஞ்சம் திருப்பிவிடு' என்றாள். கேட்பதற்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உலகத்தில் எத்தனை பேர் எத்தனை பெரிய கஷ்டங்களோடு அவர் வாசலில் நிற்கிறார்கள். ஆனாலும் சின்ன விஷயம் என்று எதையும் அவர் ஒதுக்குகிறவர் இல்லை என்று அவள் நம்பினாள். அதோடு, அது அவளுக்குச் சின்ன விஷயமாகவும் இல்லை. ஒரு தடவை தள்ளப்பட்டது மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்படும் என்பதை அந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மறுநாளும் முட்டுதான். ஆனால் குட்டியின் வயிறு நிறைந்திருந்தது. துள்ளக்கூடப் பழகியிருந்தது. இரண்டு முறை சுவரில் மோதியும் அதற்குப் புத்தி வரவில்லை. பிடித்திருந்தவர்கள் கொஞ்சம் அசந்தால் தானாகவே தாயிடம் போய் நின்றது.

"அதுக்குக் கோபமே வராதாம்மா?" என்று சிட்டு கேட்டாள்.

வீட்டுக்காரி வைக்கோலை விலக்கிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "நேத்து உன்னைக் கண்ணு முன்னாடி நிக்காதேன்னு சொன்னேன்ல? அது தப்பு. கோபத்துல சொல்லிட்டேன்."

"பரவாயில்ல" என்றாள் சிட்டு, பெரிய மனுஷி மாதிரி. பிறகு, "நான் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள்.

அன்று மாலை அண்ணி வரத் தாமதமானது. கறுப்பியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, வீட்டுக்காரி தவிட்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் சோம்பேறி உள்ளே வந்தது. சோம்பேறி அந்த வீட்டு நாய். திருடன் வந்தால் திரும்பிப் படுக்கும். தவிட்டுத் தண்ணீர் சிந்தினால் மட்டும் எங்கிருந்தாலும் மூக்கு வியர்த்துவிடும். நிதானமாக நடந்து வந்து, சிந்தியிருந்ததை நக்க ஆரம்பித்தது.

கறுப்பி தலையை நிமிர்த்தியது. முன்னங்காலால் தரையை ஓங்கி மிதித்தது. கறுப்புக் குட்டி தாயின் பின்னால் ஓடி ஒளிந்தது. வெள்ளைக் குட்டிக்கு அதெல்லாம் தெரியவில்லை. இதுவும் யாரோ நம்மவர்தான் என்று நினைத்தோ என்னவோ, நேரே நாயை நோக்கி நடந்தது. சோம்பேறி மூக்கை நீட்டியது.

சிட்டு கத்துவதற்குள் கறுப்பி பாய்ந்துவிட்டது. குட்டிக்கும் நாய்க்கும் நடுவில் புகுந்து, விலாவில் விட்ட முட்டில் சோம்பேறி தவிட்டு வாளியோடு உருண்டது. பிறந்ததிலிருந்து அப்படி ஓர் ஓட்டம் அது ஓடியதில்லை. வேலியைத் தாண்டிப் போய் அண்ணியின் தோட்டத்தில் நின்று குரைத்தது.

கறுப்பி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. காலடியில் வெள்ளைக் குட்டி. அதற்கென்ன, ஆபத்தென்றும் தெரியாது, மானமென்றும் தெரியாது. கிடைத்த சந்தர்ப்பத்தை விடாமல் மடிக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டது. வீட்டுக்காரி பாய்ந்து பிடிக்கப் போனவள், என்னவோ தோன்றி நின்றுவிட்டாள். மகளின் தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

கறுப்பி கழுத்தைத் திருப்பியது. குட்டியின் வாலடியை முகர்ந்தது. நிறுத்தியது. மறுபடி முகர்ந்தது. பிறகு வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைத்தது. குட்டி போட்ட நாளில் இரண்டையும் பார்த்துக் கனைத்த அதே கனைப்பு. வெள்ளைக் குட்டியை வாலிலிருந்து ஆரம்பித்து நக்கத் தொடங்கியது.

"அம்மா" என்றாள் சிட்டு, காற்றாக.

"உஸ்ஸ்."

இருவரும் அசையாமல் நின்று பார்த்தார்கள். வெள்ளை குடித்து, வயிறு உப்பி, கறுப்புக் குட்டியின் மேலேயே சாய்ந்து படுத்த பிறகுதான் வீட்டுக்காரி மூச்சை விட்டாள்.

இதற்குக் காரணம் எது என்பதில் பிறகு வீட்டில் ஒரே வாதம். தாய்ப்பால் உள்ளே போய்ப் போய்க் குட்டிக்குத் தாயின் வாசனையே வந்துவிட்டது என்றாள் அண்ணி. எல்லாம் சோம்பேறியால் வந்தது, வாழ்க்கையில் அது செய்த ஒரே வேலை இதுதான் என்று சொல்லி வீட்டுக்காரர் அதற்கு இரண்டு பங்கு சோறு வைத்தார். ஈர வைக்கோல்தான் என்றாள் சிட்டு. வீட்டுக்காரி வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. படுக்கும் முன் கைகூப்பியபோது நன்றி சொல்ல மட்டும் மறக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் நடந்தது இன்னொன்று. கொட்டிலிலிருந்து இருவரும் வெளியே வந்தபோது உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. சிட்டு வழக்கம்போல வாசற்படியில் நின்றாள். தன் கைகளைப் பார்த்தாள். வைக்கோலும் பாலும் ஆட்டு முடியுமாக இருந்தன. குழாயடிக்குத் திரும்பினாள்.

"சிட்டு, இங்க வா."

"கழுவிட்டு வர்றேம்மா."

"கழுவலாம். முதல்ல இங்க வா."

வந்தவளை வீட்டுக்காரி அப்படியே அள்ளித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனத்தாள். எப்போது இவ்வளவு கனம் ஆனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியாகத் தூக்கியது எப்போது என்றும் நினைவில்லை. சிட்டு முதலில் கைகளை மேலே படாமல் விலக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கை அம்மாவின் கழுத்தைச் சுற்றி வந்தது. மற்றொன்றும் வந்தது. முகத்தை அம்மாவின் தோளில் புதைத்தாள்.

"அம்மா, நீ ரொம்ப நாறுற."

"நீ மட்டும் என்ன, ரோஜாப்பூவா?"

உள்ளே தொட்டில் ஆடும் சத்தமும், வீட்டுக்காரர் ராகமில்லாமல் ஏதோ பாடும் சத்தமும் கேட்டன. மகளை இறக்காமலே வீட்டுக்காரி குழாயடிக்கு நடந்தாள். ஒரே குழாயில் இருவரும் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்கள். மகளின் விரல் இடுக்குகளை அவளே ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டாள். பிறகு இருவரும் சேர்ந்தே தொட்டிலுக்குப் போனார்கள். தம்பியைத் தூக்கிச் சிட்டுவின் மடியில்தான் முதலில் வைத்தாள்.

குழந்தையின் சோப்பு தீர்ந்துபோயிருந்தது. புதியது வாங்கி வரும் வரை அவனை வெறும் வெந்நீரில்தான் குளிப்பாட்டினார்கள். அவன் அதற்காக ஒன்றும் அழவில்லை.